கால் சுற்று

லோஷினி படிக்கும் சீனப் பள்ளியில்
மொத்தமே முப்பத்தொரு பிள்ளைகள்.
பாலிக் புலாவ் தாண்டி
ஜாதிக்காய்த் தோட்டம் முடிந்து
இறால் குளம் தொடங்குகிற இடம்.
மூன்றாம் வகுப்பில் ஐந்து பேர்:
சூன் ஹாவ், ஐமான், இரட்டைப் பிள்ளைகள், இவள்.

கணக்குப் பாடத்துக்கு தியோ ஆசிரியை
புத்தகத்தைத் திறக்கவே இல்லையாம்.
ஒரு மூங்கில் கழி,
பிஸ்கட் டின் மூடி,
கொஞ்சம் தூண்டில் நரம்பு,
பிள்ளை இல்லாமல் மூடிப்போன அடுத்த வகுப்பறையின்
சாவி தொலைந்த பூட்டு.
"தராசு செய்யுங்கள்" என்றாராம்.
சொல்லிவிட்டு உட்கார்ந்து கொய்யா தின்றாராம்.

மூன்று நாள் கவிழ்ந்தது.
பச்சைப்பயறு தரையெல்லாம் ஓடி
மைனாக்கள் வகுப்புக்கு வரத் தொடங்கின.
நாலாம் நாள் சூன் ஹாவ்
தூக்குக் கயிற்றைத் தட்டுப் பக்கம் நகர்த்திக் கட்ட
கழி கொஞ்சம் யோசித்து
படுத்தவாக்கில் நின்றதாம்.
ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைத் தட்டில் வைத்து
பூட்டு நின்ற இடத்தில்
ஆசிரியையின் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் புள்ளி.
அதுதான் ஆயிரம்.

நேற்று அது எங்கள் வீட்டு முறை.
ஐந்து பொருளை நிறுத்து எழுத வேண்டும்,
அடியில் பெற்றோர் கையெழுத்து.
பூனை சம்மதிக்கவில்லை.
என் செருப்பு 310.
தம்பியின் புத்தகப் பை தட்டையே பிய்த்தது.
பிறகு வேனில் மிச்சமிருந்த பொட்டலம்,
காலையில் நான் நிறுத்துக் கட்டிய
ஒரு கிலோ வெங்காயம்.

பூட்டு, சிவப்புப் புள்ளிக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.
920.
இன்னொரு பொட்டலம் எடுத்தாள்.
915.

எண்பது கிராம் என்றால்
ஒரு பெரிய வெங்காயம், அவ்வளவுதான்.
டீசல் ஏறிய வருஷம்
என் தராசின் வயிற்றுக்குள் இருக்கும் திருகாணியை
கால் சுற்றுத் திருப்பினேன்.
கால் சுற்றுதான்.
சுங்கை பினாங் மாச்சிக்கும் கியோக் ஆன்ட்டியும்
இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இவளும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்,
ஸ்பிரிங் பழசு, வெயிலில் வெங்காயம் காயும் என்று.
இவளோ தன் தராசைத்தான் சந்தேகப்பட்டாள்.
"நாங்க செஞ்சது தப்புப்பா" என்று
கண்ணைத் துடைத்துக்கொண்டு
முடிச்சை அவிழ்க்கப் போனாள்,
என் வெங்காயம் ஆயிரம் காட்டும் இடத்தில்
கயிற்றை மறுபடி கட்ட.

ஐந்து பேர் நாலு நாள்
கவிழ்த்துக் கவிழ்த்துக் கண்டுபிடித்த இடம்.

"கயித்தத் தொடாதே" என்றேன்.
குரல் உயர்ந்துவிட்டது போல.
அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

வேனுக்குப் போனோம்.
அவள் டார்ச் பிடித்தாள்,
நான் திருகாணியைத் தேடினேன்.
துரு ஏறியிருந்தது, மூன்று தடவை வழுக்கியது.
"எவ்வளவுப்பா திருப்பணும்?"
கால் சுற்று என்றேன்.
அளந்து பார்க்காமலே எப்படித் தெரியும் என்று
அவள் கேட்கவில்லை.
டார்ச் மட்டும் கொஞ்சம் ஆடியது.

திரும்ப வந்து புதிதாக ஒரு பொட்டலம் கட்டி
மூங்கில் தராசில் தொங்கவிட்டாள்.
பூட்டு சிவப்பின் மேல் உட்கார்ந்தது.
சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

தாளை நீட்டினாள்.
சீனம் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது,
எண் தெரியும்.
920 அடிபட்டிருந்தது, பக்கத்தில் 1000.
இரண்டுக்கும் நடுவில் நாலே நாலு எழுத்து,
பென்சிலை அழுத்தி எழுதியது.

என்ன எழுதினாய் என்று கேட்கலாம்.
பேனா எடுத்து
கடனுக்குப் போடுகிற மாதிரி
முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்று காலை சுங்கை பினாங்கில்
கியோக் ஆன்ட்டி வெங்காயப் பையை வாங்கி
ஒரு நொடி கையிலேயே வைத்திருந்தாள்.
பிறகு கூடைக்குள் போட்டுவிட்டு
கத்தரிக்காய் என்ன விலை என்றாள்.